க்வேக் 3 அரீனாவில் பெயருக்கும் சாட்டுக்கும் நிறம் போடுவது: முழுமையான வழிகாட்டி

க்வேக் 3 அரீனா என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி ஆட்டத்தில் பெயருக்கும் சாட்டுக்கும் நிறம் போடும் விதியை ஒரு நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். ஆனாலும் புதிதாக வருபவர்களின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், அல்லது யாராலும் படிக்க முடியாத நீலத்தில் மிதக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். கீழே உள்ள வரிசையில் நிறம் பின்னால்தான் வருகிறது. அந்த வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

இதே எஞ்சினில் ஓடும் ஓப்பன்அரீனாவிலும், அந்த எஞ்சினை ஆர்வலர்கள் மேம்படுத்திய ஐஓக்வேக்3 வழியாக ஆடினாலும் முறை கிட்டத்தட்ட இதேதான். மோட் (ஆட்டத்தை மாற்றும் கூடுதல் தொகுப்பு) போட்ட சர்வர்களில் சில விஷயங்கள் மாறும். அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன்

விசைப்பலகையை அமெரிக்க ஆங்கில அமைப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய ^ குறி (கேரட் என்பார்கள்) அதில் ஷிஃப்ட்டோடு 6-ஐ அழுத்தினால் வரும். ஜெர்மன், பிரெஞ்சு அமைப்புகளில் இதே குறி அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும் விசையாக இருக்கிறது. அழுத்தினால் உடனே எதுவும் தெரியாது. ஆட்டம் பழுது என்று நினைத்துப் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, கட்டளைகளைத் தட்டும் கன்சோல் திறக்கிறதா என்று பாருங்கள். எஸ்கேப் விசைக்குக் கீழே இருக்கும் ~ விசையை அழுத்தினால் திரையின் மேலிருந்து ஒரு பலகை இறங்கும். திரும்ப அழுத்தினால் மேலே போய்விடும். அமைப்பு மாறியிருந்தால் இந்த விசையும் இடம் மாறியிருக்கும்.

தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை: இந்த ஆட்டம் அடிப்படை ஆங்கில எழுத்துகளை மட்டுமே சர்வருக்கும் மற்ற ஆட்டக்காரர்களுக்கும் கடத்தும். அதைத் தாண்டிய எந்த எழுத்தும் வழியிலேயே புள்ளியாக மாறிவிடும். ஒரு கோப்பில் தமிழில் எழுதி உள்ளே ஏற்றினாலும் மற்றவர்களுக்குப் புள்ளி வரிசைதான் தெரியும். இந்த வழிகாட்டியில் பெயர்களையும் கட்டளைகளையும் தமிழில் எழுதுகிறேன்; ஆட்டத்துக்குள் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

2. குறியீடு வேலை செய்யும் விதம்

^ போட்டு, இடைவெளி விடாமல் ஓர் எண். அவ்வளவுதான். அந்த இரண்டும் திரையில் தெரியாது. அவற்றுக்குப் பின்னால் வரும் எழுத்துகள் நிறம் மாறும்.

^0 கறுப்பு
^1 சிவப்பு
^2 பச்சை
^3 மஞ்சள்
^4 நீலம்
^5 வெளிர்நீலம்
^6 மெஜந்தா
^7 வெள்ளை

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது, குறியீட்டுக்கு முடிவுக் குறி என்று ஒன்று கிடையாது என்பதுதான். எழுதிக்கொண்டே இருக்கும்போது வேறு மைப் பேனாவை எடுப்பது போல. அடுத்த பேனாவை எடுக்கும் வரை அந்த நிறமே ஓடும். ^1புயல் ^3வீரன் என்று தட்டினால் புயல் சிவப்பு, வீரன் மஞ்சள். ^1புயல் வீரன் என்றால் இரண்டுமே சிவப்பு. “நிறத்தை எப்படி மூடுவது” என்று கேட்பவர்களுக்குப் பதில்: மூட முடியாது, வேறொன்றுக்கு மாற்றத்தான் முடியும்.

8, 9 என்று தட்டிப் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். மூல ஆட்டம் எட்டு நிறங்களுக்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து சுற்றுகிறது. அதனால் ^8 கறுப்பாகவும் ^9 சிவப்பாகவும் வரும். எண்ணுக்குப் பதில் ஆங்கில எழுத்தைப் போட்டாலும் இதே சுற்றில் ஏதோ ஒரு நிறம் கிடைக்கும். சில மோட்கள் எழுத்துகளுக்குத் தனி நிறங்களை ஒதுக்கியிருக்கின்றன. அவை அந்த மோட் ஓடும் சர்வரில் மட்டும்தான் செல்லும். வெளியே போனால் பெயர் வேறு நிறத்தில் நிற்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமென்றால் 1 முதல் 7 வரை போதும்.

இரண்டு கேரட்டுகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது சாதாரண எழுத்தாகத் திரையில் தெரியும், இரண்டாவது தன் எண்ணோடு சேர்ந்து நிறமாக வேலை செய்யும். எனவே சாட்டில் யாருக்காவது குறியீட்டை அப்படியே எழுதிக் காட்ட முடியாது. “கேரட் போட்டு ஒன்று” என்று வாயால் சொல்வது போல எழுத வேண்டியதுதான்.

3. முதலில் நிறமில்லாத பெயர்

பெயரை வெறுமனே எழுதி முடிவு செய்யுங்கள். நிறம் இல்லாமலே படிக்க நன்றாக இருக்க வேண்டும். எதற்கென்றால், நிறத்தை உரித்துவிட்டுப் பெயரைக் காட்டும் இடங்களும் உண்டு. ஆட்டக்காரர் அமைப்புப் பக்கத்தின் அடியில் பெரிய எழுத்தில் வரும் பெயரே அப்படித்தான். இரண்டு சொற்களை நிறத்தால் மட்டும் பிரித்து ஒட்டி எழுதியிருந்தால், அங்கே அது ஒரே நீளச் சொல்லாகிவிடும்.

பெயருக்குள் வரக்கூடாத மூன்று குறிகள் உண்டு: பின்சாய்வுக்கோடு (\), அரைப்புள்ளி (;), இரட்டை மேற்கோள். ஆட்டம் உங்கள் விவரங்களைச் சர்வருக்கு அனுப்பும்போது இவற்றைத் தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்துகிறது. பெயரில் இருந்தால் மாற்றத்தையே ஏற்காது. பெயரின் தொடக்கத்தில் இடைவெளி விட்டாலும் சர்வர் அதை நீக்கிவிடும்.

4. எழுத்துக் கணக்கு

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. திரையில் தெரியாவிட்டாலும், ஒவ்வொரு நிறக்குறியீடும் பெயரின் நீளத்தில் இரண்டு எழுத்துகளைத் தின்கிறது.

மூல ஆட்டத்தின் மெனுவில் பெயர்ப்பெட்டி 20 எழுத்துகளை மட்டுமே ஏற்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிறம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்துக்கு மூன்று இடம். ஆறெழுத்துப் பெயருக்கு 18, சரி. ஏழெழுத்துக்கு 21, கடைசி எழுத்துக்கு இடமில்லை. அதன் நிறக்குறியீடு மட்டும் உள்ளே போய், கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். “என் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம்” என்று வருபவர்களின் கதை எல்லாம் இதுதான்.

கன்சோல் வழியாக வைத்தால் இந்த 20 எல்லை இல்லை. ஆனால் சர்வர் தன் பக்கம் ஓர் அளவு வைத்திருக்கிறது. குறியீடுகளையும் சேர்த்து 31-க்குள் முடித்துக்கொண்டால் தொந்தரவு இல்லை.

கணக்கு எளிது: பெயரின் எழுத்துகள், இடைவெளிகள், அதோடு நிற மாற்றங்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கியது. காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தட்டுங்கள்.

பெயரின் முடிவில் ^7 போடுவது பழக்கமாகிவிட்ட ஒரு வீண் செலவு. உங்கள் பெயருக்குப் பின்னால் வரும் செய்திக்கு ஆட்டமே வெள்ளையைச் சேர்த்துக்கொள்கிறது. அதேபோல் பெயர் வெள்ளையில் தொடங்குகிறது என்றால் முன்னால் ^7 தேவையில்லை. இந்த இரண்டையும் எடுத்தாலே நான்கு இடம் மிச்சம்.

5. நிறத்தைத் தேர்ந்தெடுப்பது

கறுப்பை மறந்துவிடுங்கள். மூல ஆட்டத்தின் சர்வர் பெயரிலிருக்கும் கறுப்புக் குறியீட்டை அடியோடு நீக்கிவிடும். சுற்றிக் கறுப்பாக வரும் ^8-க்கும் அதே கதிதான். மெனுவும் அதை வெள்ளையாகத்தான் காட்டும். அதன் இரண்டு இடமும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழு நிறங்களும் முழு அடர்த்தியில் இருக்கின்றன. ஆனால் கண் அவற்றை ஒரே பிரகாசத்தில் பார்ப்பதில்லை. வெள்ளையின் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் வெறும் 7. இந்த ஆட்டத்தின் களங்களோ பெரும்பாலும் இருட்டானவை. அதன்மேல் சுத்த நீல எழுத்து அமுங்கிப்போகும். இது போதாதென்று, குறிவட்டத்தை (திரை நடுவில் குறிபார்க்க உதவும் அடையாளம்) ஒருவர்மேல் வைக்கும்போது தோன்றும் பெயரை ஆட்டம் பாதி ஒளி ஊடுருவும்படி வரைகிறது. அந்த நொடியில் நீலப் பெயர் நிழல் மாதிரிதான் இருக்கும். எதிரி உங்களைக் கண்டுகொள்ளக் கூடாது என்றே சிலர் வேண்டுமென்று நீலம் வைக்கிறார்கள். அவர்களுக்குப் பயன் இருக்கிறதோ இல்லையோ, கூட்டாளிகளுக்கும் பெயர் தெரியாமல் போகிறது. நீலச் சாயல் வேண்டுமென்றால் ^5 எடுங்கள்.

மஞ்சள், வெளிர்நீலம், வெள்ளை, பச்சை நான்கும் எங்கேயும் படிக்க முடியும். சிவப்பும் மெஜந்தாவும் நடுத்தரம். ஒரு சின்ன அடையாளத்துக்கு, அதாவது முதலெழுத்துக்கோ குழுப் பெயருக்கோ நன்றாக இருக்கும்.

என் கருத்து, இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம். குழுப் பெயர் ஒரு நிறம், உங்கள் பெயர் ஒரு நிறம். எழுத்துக்கு எழுத்து நிறம் மாறினால் கண் எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது, சொல்லாகப் படிப்பதில்லை. வேகமான ஆட்டத்தில் யாரும் நின்று படிக்கப் போவதில்லை.

சிவப்பு அணி, நீல அணி என்று ஆடும் பந்தயங்களில் பெயருக்கு அந்த இரண்டு நிறங்களையும் தவிர்ப்பது மரியாதையும்கூட. நீல அணியில் இருந்துகொண்டு முழுச் சிவப்புப் பெயரோடு கத்தினால் சாட்டைப் பார்ப்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

6. பெயரைப் பதிப்பது

மெனு வழி: செட்டப், அதில் ப்ளேயர், அங்கே நேம் பெட்டி. பெட்டிக்குள் இருக்கும்போது குறியீடுகள் அப்படியே ^3 என்று தெரியும். பெட்டியை விட்டு வேறு வரிக்கு நகர்ந்தால் அவை மறைந்து நிறம் தெரியும். இதுதான் உங்கள் முன்னோட்டம். “நான் போட்ட குறியீடு வேலை செய்யவில்லை, எண்ணாகவே நிற்கிறது” என்பவர்கள் பெட்டியை விட்டு நகர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

கன்சோல் வழி: ~ தட்டித் திறந்து, முன்னால் சாய்வுக்கோடு போட்டுக் கட்டளையை எழுதுங்கள்.

/நேம் "^3புயல் ^7வீரன்"

சாய்வுக்கோடு ஏன்? ஆட்டத்துக்குள் இருக்கும்போது கன்சோலில் சாய்வுக்கோடு இல்லாமல் எழுதுவது பேச்சாகப் போய்விடும். கட்டளை மொத்தமும் எல்லோர் திரையிலும் ஓடும். முதன்மை மெனுவில் இருக்கும்போது இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் எப்போதும் போட்டுப் பழகுவதே நல்லது.

மேற்கோள் ஏன்? பெயரில் இடைவெளி இருந்தால், மூல ஆட்டம் முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். ஒரே சொல் என்றால் மேற்கோள் இல்லாமலும் நடக்கும்.

7. ஆன்லைன் போகும் முன் சோதனை

ஒரு சர்வருக்குள் இருந்துகொண்டு பெயரை மாற்றினால், இன்னார் இன்னாராகப் பெயர் மாறினார் என்ற செய்தி அங்கிருக்கும் எல்லோருக்கும் போகும். நிறம் சரியில்லை என்று நீங்கள் மறுபடி மறுபடி மாற்ற, அவர்கள் திரை நிரம்பும். பொறுமை குறைந்த நிர்வாகி வெளியே தள்ளவும் கூடும்.

அதனால் மெனுவில் ஸ்கர்மிஷ் எடுத்து, இரண்டு மூன்று பாட்களோடு (கணினியே ஆடும் ஆட்டக்காரர்கள்) ஒரு களத்தைத் தொடங்குங்கள். அங்கே மூன்று இடங்களில் பெயரைப் பாருங்கள்: டேப் விசையை அழுத்தி மதிப்பெண் பலகையில், எதையாவது சாட் செய்து பேச்சில், ஒரு பாட்டிடம் அடிபட்டு இறப்புச் செய்தியில். மூன்றிலும் படிக்க வந்தால் வெளியே எடுத்துச் செல்லலாம். குறிவட்டத்தில் உங்கள் பெயர் எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் இன்னொருவரைக் கேட்டுத்தான் அறிய முடியும்.

8. சாட்டில் நிறம்

பெயரில் கற்றது இங்கேயும் செல்லும், ஒரு வித்தியாசத்தோடு. சாட் உரை வெள்ளையில் தொடங்குவதில்லை. பொதுச் சாட் பச்சை, அணிச் சாட் வெளிர்நீலம், தனிச் செய்தி மெஜந்தா.

ஒரு சொல்லை மட்டும் சிவப்பாக்க நினைப்பவர்கள் வழக்கத்தில் இப்படி எழுதுகிறார்கள்:

கவசம் ^1இல்லை^7 திரும்பி வா

பொதுச் சாட்டில் இது பச்சை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று நிறமாகிவிடும். பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் அந்தச் சாட்டின் எண்ணைத்தான் போட வேண்டும்: பொதுவில் ^2, அணியில் ^5, தனிச் செய்தியில் ^6. அணிச் சாட்டுக்கு எழுதினால்:

கவசம் ^1இல்லை^5 திரும்பி வா

செய்தியின் முடிவில் எதையும் போட வேண்டாம். அடுத்த செய்தி தன் நிறத்தில் புதிதாகத் தொடங்கும். உங்கள் நிறம் மற்றவர் வரிக்குள் வழியாது.

மூல ஆட்டத்தில் ஒரு சாட் செய்திக்கு 150 எழுத்து எல்லை. குறியீடுகளும் இதில் சேர்த்தி. சதவீதக் குறி போட்டால் புள்ளியாக மாறும், அது நிறத்தின் தவறில்லை.

9. அடிக்கடி சொல்வதை விசையில் கட்டுவது

நிறத்தின் உண்மையான பயன் பெயரைவிட இங்கேதான் என்பேன். சண்டைக்கு நடுவே குறியீடு தட்ட நேரமிருக்காது. முன்கூட்டியே ஒரு விசையில் கட்டி வைத்துவிட்டால், அணிக்கு வேண்டிய ஒரு சொல் பளிச்சென்று தெரியும்.

/பைண்ட் எஃப்5 "சே_டீம் ^3கொடி ^5நம் தளத்தில்"

மேற்கோள் கட்டளை முழுவதையும் சுற்றி இருக்க வேண்டும். உள்ளே இன்னொரு மேற்கோள் வந்தால் கட்டளை அங்கேயே முடிந்ததாக ஆட்டம் எடுத்துக்கொள்ளும். அரைப்புள்ளியும் வேண்டாம்; அதை அடுத்த கட்டளையின் தொடக்கமாகப் படிக்கும், செய்தியின் பின்பாதி காணாமல் போகும்.

ஒரு நிறத்துக்கு ஒரு பொருள் என்று அணிக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து சிவப்பு, பொருள் மஞ்சள், அவ்வளவு போதும். சொல்லைப் படிக்கும் முன்பே நிறம் செய்தியைச் சொல்லிவிடும். ஆனால் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பதில் சிரமம் இருக்கலாம். எனவே சொல்லை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

10. கோப்பில் சேமிப்பது

பெயரையும் விசைகளையும் ஆட்டம் தானாகவே க்யூ3கான்ஃபிக் என்ற கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பைத் திறந்து கையால் திருத்த வேண்டாம். ஆட்டம் தன் அமைப்புகளை அதன்மேலேயே திரும்பத் திரும்ப எழுதுவதால் உங்கள் திருத்தம் அழிந்துபோகும்.

அதே கோப்புறையில் ஆட்டோஎக்ஸெக் என்ற பெயரில் சிஎஃப்ஜி நீட்சியோடு ஒரு கோப்பை உருவாக்குங்கள். ஆட்டம் தொடங்கும்போது இதைப் படிக்கும், ஆனால் இதில் எழுதாது. மேலே கன்சோலில் தட்டிய வரிகளைச் சாய்வுக்கோடு இல்லாமல் ஒவ்வொன்றாக எழுதிவிடுங்கள். நோட்பேட் போன்ற எளிய எடிட்டர் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நோட்பேட் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி என்று தன் நீட்சியை ஒட்டிவிடும். விண்டோஸ் நீட்சிகளை மறைத்து வைத்திருந்தால் உங்களுக்கு அது தெரியவும் தெரியாது. சேமிக்கும்போது “எல்லாக் கோப்புகளும்” என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று: இந்தக் கோப்பில் பெயர் இருந்தால், மெனுவில் மாற்றிய பெயர் அடுத்த தடவை ஆட்டத்தைத் திறக்கும்போது பழையபடி ஆகிவிடும். மாற்றுவதாக இருந்தால் கோப்பில் மாற்றுங்கள்.

11. சர்வர் நடத்துபவர்களுக்கு

சர்வர் பெயரிலும் வரவேற்புச் செய்தியிலும் இதே குறியீடுகளைப் போடலாம். ஆனால் மூல ஆட்டத்தின் சர்வர் பட்டியல் நிறத்தை உரித்துவிட்டுத்தான் பெயரைக் காட்டும். ஆகவே பெயரை நிறமில்லாமல் படித்துப் பாருங்கள், முக்கியமான சொல்லை முன்னால் வையுங்கள்.

12. வேறு ஆட்டத்துக்குப் போகும்போது

கேரட்டும் எண்ணும் என்ற முறை க்வேக் வழிவந்த பல ஆட்டங்களில் தொடர்கிறது, எண்களின் பொருள் மட்டும் ஆங்காங்கே மாறும். ஸோனோடிக்கில் பத்து எண்களோடு, கேரட்டுக்குப் பின் எக்ஸ் எழுத்தும் மூன்று பதினாறடி இலக்கங்களும் (0 முதல் 9, a முதல் f வரை) போட்டுச் சிவப்பு, பச்சை, நீல அளவுகளை நீங்களே கலக்கலாம். கார்ப்பந்தய ஆட்டமான ட்ராக்மேனியாவில் கேரட்டுக்குப் பதில் $ குறி, பின்னால் நேரடியாக அதே மாதிரி மூன்று இலக்கங்கள். $900 என்றால் அடர்சிவப்பு. அங்கே $ குறியையே எழுத்தாகக் காட்ட அதை இரண்டு முறை போட்டால் போதும்.

மைன்கிராஃப்ட்டில் § குறியோடு ஓர் எண்ணோ எழுத்தோ வரும். ஜாவா பதிப்பில் நிறக்குறியீடு அதற்கு முன்னால் கொடுத்த தடிமன், சாய்வு எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதனால் நிறத்தை முதலில் போட்டு, தடிமனை அதற்குப் பின்னால் போட வேண்டும். சாட்டில் § குறியை நேரடியாகத் தட்ட ஆட்டம் விடாது; சர்வரில் அதற்கான ப்ளக்இன் (கூடுதல் நிரல்) இருந்தால் & குறியைப் போடச் சொல்வார்கள். இதற்கு அனுமதி தருவதும் மறுப்பதும் சர்வர் நிர்வாகியின் கையில் இருப்பதால், & அப்படியே எழுத்தாகத் தெரிந்தால் முதலில் அவரைக் கேளுங்கள்.